என்று சொன்னால் சரியல்ல

பதினொன்று. ஆண்கள் சாவடி இயந்திரத்தில் எனக்கு விழுந்திருப்பது பதினொன்று. சளி பிடித்த குரலில் அந்த அதிகாரி வாசித்தான், "வரிசை எண் அஞ்சு, தாண்டவராயன், சுயேச்சை, சீப்பு, பதினொண்ணு," வாசித்துவிட்டுக் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் என்னை ஒரு முறை பார்த்தான், பார்த்த கண் நேராக என் மண்டைக்குப் போயிற்று. போகட்டும். மூன்று வாரமாக வேலப்பநத்தம் முழுக்க அப்படித்தான் பார்க்கிறது. தலையில் ஒரு முடி இல்லாதவனுக்குச் சீப்புச் சின்னம். நான் கேட்டது தராசு. பட்டியலிலேயே தராசு கிடையாது சார் என்று சொல்லி, மிச்சமிருந்ததைச் சீட்டுக் குலுக்கி, சீப்பை எடுத்து என் தலையில் கட்டினார்கள். முப்பத்தொரு வருடம் நீதிபதியாக இருந்தவன், முன்சீப்பாக உள்ளே போய் சப் ஜட்ஜாக வெளியே வந்தவன், ஆறு வருடத்துக்கு முன்பு வரை நான் நுழைந்தால் ஒரு கூடமே எழுந்து நிற்கும், இன்றைக்குப் பதினான்காவது வார்டின் ஆண்களில் பதினொரு பேருக்கு நான் வேண்டும். அதில் ஒருவன் நானே. ஆகப் பத்து. டெபாசிட் போயிற்று, அதனால் ஒன்றுமில்லை. ஜெயிப்பேன் என்று நம்பித்தான் நின்றேன் என்று சொன்னால் சரியல்ல. காலை ஏழரை மணியிலிருந்து இந்தப் பாலிடெக்னிக் கூடத்தில், கால் ஆடும் பெஞ்சில், எவனெவனுடைய வேர்வை நாற்றத்துக்கோ நடுவில் நான் உட்கார்ந்திருப்பது அடுத்த இயந்திரத்துக்காக. பெண்கள் சாவடி இயந்திரம். அதில் இரண்டு ஓட்டு இருக்க வேண்டும். ஊரில் வேறு எவளும் எனக்குப் போட வேண்டாம். மரகதம் ஒன்று, வாசுகி ஒன்று. மனைவி ஒன்று, மகள் ஒன்று. வருகிற புதன்கிழமை இரண்டு பேரும் கோயம்புத்தூர் போகிறார்கள், வாசுகிக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது, மரகதம் கூடப் போகிறாள், "கொஞ்ச நாளைக்கு" என்கிறாள். எவ்வளவு நாள் என்று சொல்லவில்லை. இரண்டு ஓட்டு இருந்தால் அவள் திரும்பி வருவாள்.

இயந்திரம் மேசை மேல்தான் இருக்கிறது. சாம்பல் நிறப் பெட்டி, மேலே முத்திரை, முத்திரையில் தொங்கும் அட்டை. அட்டையில் உள்ள எண்ணும் படிவத்தில் உள்ள எண்ணும் ஒரு இலக்கத்தில் இடிக்கிறதாம், இங்கே எட்டு, அங்கே மூன்று. "பத்து நிமிஷம் சார், தேர்தல் அதிகாரி மேடம் வரணும்" என்று சொல்லிவிட்டு அந்தச் சளிக்காரன் எழுந்து போய்விட்டான். பத்து நிமிஷம். நான் சொல்லாத பத்து நிமிஷமா. "அடுத்த வாய்தா இருபத்திரண்டாம் தேதி" என்று நான் தலையை நிமிர்த்தாமல் சொன்னால் கூண்டில் நிற்பவன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது, நான் பார்த்ததில்லை, நிமிர்ந்தால்தானே தெரியும். எட்டையும் மூன்றையும் வைத்து நான் ஒரு வழக்கை எட்டு மாதம் இழுத்திருப்பேன். எழுத்துப் பிழை என்று ஒரு வரி எழுதி அரை நிமிஷத்தில் முடித்தும் இருப்பேன். அன்றைக்குக் காலையில் காபி எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மரகதத்துக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். வழக்கு நாட்களில் அவள் காபி பிசகியதே இல்லை, பாவம், யார் யாருடைய தலையெழுத்தோ தன் டிகாக்‌ஷனில் இருக்கிறது என்று பயந்திருப்பாள்.

பக்கத்தில் குப்புராஜ் உட்கார்ந்திருக்கிறான். என் கோர்ட்டில் மூன்று வருடம் டவாலியாக இருந்தவன், வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டையுமாக வாசலில் நின்று சாட்சியின் பெயரை மூன்று முறை கூவுகிறவன். ஒரு நாள் ஒரு பெயரை இரண்டு முறைதான் கூவினான். சாயந்திரம் வரை வெயிலில் நிற்கவைத்தேன். இன்றைக்கு அவன் இரண்டாம் எண் வேட்பாளரின் ஏஜென்ட், சட்டைப் பையில் அட்டை தொங்குகிறது, ஆனாலும் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். "ஐயா, டீ எடுத்தாரச் சொல்லட்டுமா?" வேண்டாம் என்றேன். "ஆம்பளைங்க பூத்துல ரெண்டு இலக்கத்துல வந்துட்டீங்களே ஐயா. நாலு அஞ்சு வந்தா பெருசுன்னு நெனச்சிருந்தேன்." கிண்டலா, மனசாரச் சொல்கிறானா என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சாட்சி பொய் சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்று முப்பத்தொரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன், நான் கண்டுபிடித்ததெல்லாம் எந்தச் சாட்சி என்னைக் கண்டு அதிகம் பயப்படுகிறான் என்பதை மட்டும்தானோ என்னவோ. "நீ எனக்குப் போட்டியா குப்புராஜ்?" "அது ரகசியம்ங்களே." "பரவால்ல, சொல்லு." "போடலீங்க ஐயா," என்றான், "கோர்ட்டுல உள்ளதைச் சொல்லணும்னு நீங்கதான சொல்லுவீங்க." அப்புறம் என்னைத் தேற்றுவது போல, "பொம்பளைங்க பூத்து இருக்குதே, அம்மா இருக்காங்க, பாப்பா இருக்குது," என்றான். நாய்க்குக்கூடத் தெரிகிறது.

நான் நின்றதற்குக் காரணம் கேட்டால் வார்டில் சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு என்று நோட்டீசில் போட்டிருக்கிறேன். பொய். வீட்டில் இரண்டு பெட்டி வாங்கி வைத்திருந்ததைப் பார்த்த அன்று ராத்திரிதான் தீர்மானித்தேன். கவுன்சிலர் வீட்டுப் பெண்கள் ஊரை விட்டுப் போக மாட்டார்கள், நாலு பேர் வருவார்கள் போவார்கள், வருகிறவர்களுக்குக் காபி கொடுக்க மரகதம் இருந்தாக வேண்டும், இப்படிக் கணக்குப் போட்டேன். மறுநாள் சாப்பாட்டில் சொன்னேன், எலெக்‌ஷன்ல நிக்கப் போறேன் என்று. மரகதம் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள், "நில்லுங்க," என்றாள். வாசுகி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். தேர்தலில் நிற்பது எனக்கு மூன்றாவது முறை. சட்டக் கல்லூரியில் செயலாளருக்கு நின்றேன், என் அறையில் என்னோடு தங்கியிருந்தவனே எதிராளிக்குப் போட்டான். நீதிபதிகள் சங்கத்தில் துணைத் தலைவருக்கு மனு எழுதினேன், வழிமொழிய ஒருத்தன் வரவில்லை, நான் இருநூறு பேர் முன்னால் வழிமொழிகிறவனுக்காகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீதிபதி வேலைக்கு யாரும் யாரையும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை, பரீட்சை எழுதினால் போதும், அதனால்தான் எனக்குக் கிடைத்தது. ஓட்டுக் கேட்கப் போனபோது கை கூப்ப வரவில்லை. முதல் மூன்று நாள் மரகதம் கூட வந்தாள், நான் வாசலில் விறைத்துக்கொண்டு நிற்பேன், அவள்தான் கை கூப்பி நோட்டீசை நீட்டுவாள். ஒரு வீட்டில் ஒருத்தி கோலம் போட்டுக்கொண்டே கேட்டாள், "எங்க அண்ணன் கேசை ஏழு வருஷம் தள்ளித் தள்ளி வெச்சது நீங்கதான?" "வழக்கு எண் என்ன?" என்று கேட்டுவிட்டேன். அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாலாவது நாள் மரகதத்துக்கு முழங்கால் வலி.

கோர்ட்டில் எனக்குப் பிடித்தது தீர்ப்பு இல்லை. தீர்ப்பு எழுதுவது சள்ளை. எனக்குப் பிடித்தது சாட்சியம் பதிவது. கூண்டில் ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு, "பாவி ஏறி மிதிச்சான் சாமி, கும்புடக் கும்புட மிதிச்சான்," என்று அலறுவாள், நான் ஒரு விநாடி கண்ணை மூடிக்கொண்டு டைப்பிஸ்டுக்குச் சொல்வேன், "எதிரி என்னைக் காலால் தாக்கினார்." அவ்வளவுதான். ஆரவாரமெல்லாம் வடிந்துபோய் நாலே நாலு சொல். குறுக்கு விசாரணையில் இன்னும் அழகு. வக்கீல் ஒன்றைச் சொல்வார், சாட்சி "அய்யய்யோ இல்லவே இல்ல" என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகக் கத்துவாள், நான் சொல்வேன், "என்று சொன்னால் சரியல்ல." வக்கீல் சொன்னதை முழுக்க அவள் வாயிலேயே போட்டு, கடைசியில் இந்தச் சரியல்லவை ஒட்டவைப்பது. நான் பொய் சொல்கிறேன் என்று சொன்னால் சரியல்ல. நான் என் கணவரைக் கொடுமைப்படுத்தினேன் என்று சொன்னால் சரியல்ல. உலகத்தில் எவனும் இப்படிப் பேச மாட்டான், கோர்ட்டில் மட்டும்தான் இந்தத் தமிழ். எனக்கு வீட்டிலும் வந்துவிட்டது. தெருவில் நடக்கும்போது வருகிறது, குளிக்கும்போது வருகிறது. நான் கெட்டவன் என்று சொன்னால் சரியல்ல, என்று சோப்புப் போட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

அஞ்சலாட்சி. இந்தப் பெயர் இங்கே வர வேண்டியதில்லை, அந்த அம்மாள் செத்துப் பல வருடம் ஆகிறது, ஆனால் அந்த எட்டையும் மூன்றையும் பார்த்ததிலிருந்து வந்து நிற்கிறாள். கூரை வீடும் ஆறு சென்ட் மனையும், கொழுந்தன் ஒரு கிரையப் பத்திரத்தை நீட்டுகிறான், இவள் கைரேகை வைத்ததாக. இவள் ஒரே பேச்சு, வைக்கவில்லை. வக்கீல் கேட்டார், நான் சொன்னேன், "கிரையப் பத்திரத்தில் இருப்பது என் கைரேகை என்று சொன்னால் சரியல்ல." டைப்பிஸ்ட் அடித்தது, "என்று சொன்னால் சரி." மூன்றெழுத்து விட்டுப்போயிற்று. கையெழுத்துப் போடும்போது பார்த்தேன். அது ஐந்தரை மணி. டைப்பிஸ்ட் பஸ் பிடிக்கப் போயாயிற்று, சாட்சி நாற்பது மைல் தாண்டி ஊர் போய்ச் சேர்ந்திருப்பாள், திருத்துவதென்றால் அவளைத் திரும்ப வரவழைத்து, இரண்டு தரப்பு வக்கீலையும் வைத்துக்கொண்டு திருத்த வேண்டும், அது மாதக் கடைசி, அந்த மாதம் முடித்துக் காட்ட வேண்டிய வழக்குகளில் எனக்கு ஒன்று குறைந்தது. போட்டேன் கையெழுத்தை. நாலு நாள் கழித்து எழுதினேன், வாதியே தன் வாயால் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று. கை நடுங்கிற்று என்று சொன்னால் சரியல்ல. நல்ல பேனா, நன்றாக எழுதிற்று. ஆறு வருடம் கழித்து அப்பீலில் என் தீர்ப்பைத் திருப்பினார்கள், முன்னாலும் பின்னாலும் மறுத்துக்கொண்டே வந்தவள் நடுவில் ஒரு வரியில் மட்டும் எப்படி ஒப்புக்கொள்வாள், தன் காதால் கேட்ட நீதிபதிக்கு இது தெரியாதா என்று எழுதினார்கள். அதற்குள் அவள் மகள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் கிடந்து செத்திருந்தாள். எனக்கு வரவேண்டியிருந்த மாவட்ட நீதிபதி பதவி அந்த மூன்றெழுத்தில் போயிற்று. அன்றைக்கு நான் அழுதேன். அவளுக்காக அல்ல.

மேடம் இன்னும் வரவில்லை. ஒரு போலீஸ்காரன் பெஞ்சின் முனையில் உட்கார்ந்து பூட்சைக் கழற்றிக் காலைச் சொறிகிறான். வாசுகி போட்டிருப்பாள். போட்டிருப்பாள், ஏன் போட மாட்டாள், அப்பன். ஏழு வருடமாக என் வீட்டுச் சோறு. அவள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி, நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிப் பத்து மாதம். கையில் பை இல்லை. "அப்பா, அவரு அடிக்கிறாரு," என்றாள். பேப்பரை மடித்தேன். உட்காரச் சொன்னேன், சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம். தண்ணீர் குடி என்று சொல்லவில்லை, அது மரகதம் கொடுத்தாள். "எப்போ?" "நேத்து." "நேத்துன்னா எத்தனை மணிக்கு?" "சாயந்திரம்பா. ஆறு, ஆறரை." "ஆறா, ஆறரையா?" எனக்கு அப்படித்தான் கேட்க வரும். "எங்க அடிச்சாரு?" வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள், வீங்கித்தான் இருந்தது. "எந்தக் கையால?" "வலது கையாலப்பா." பிடித்துவிட்டேன். "எதிர்ல நிக்கிறவன் வலது கையால அடிச்சா அடி உன் இடது கன்னத்துலதான விழணும்?" அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் கையைத் தூக்கி, மெதுவாக, காற்றில் செய்து காட்டினாள், "புறங்கையால அடிச்சாருப்பா." நான் எனக்குள் குறித்துக்கொண்டேன், இது பிறகு யோசித்துச் சேர்த்தது, முதலில் சொன்னதில் இல்லை. அதைச் சொல்லவும் சொன்னேன். "மொதல்லயே ஏன் புறங்கைன்னு சொல்லலை?" என்றேன். மரகதம் சமையலறை வாசலில் நின்று, "போதுங்க," என்றாள், முப்பது வருடத்தில் ஒரே ஒரு முறை. "சாட்சியைக் கேக்கும்போது குறுக்கே பேசாத," என்றேன். மகளை அல்ல, சாட்சியை. ஆறு மாதம் பார்க்கலாம், அதுவரை அனுசரித்துப் போ என்று சொல்லி நானே பஸ் ஏற்றிவிட்டேன், நாலரை மணி வண்டி, ஜன்னல் சீட்டு பிடித்துக் கொடுத்தேன். நல்ல சீட்டு.

ஆறு மாதம் ஆகவில்லை, நாலே மாதத்தில் வந்துவிட்டாள், இந்த முறை ஆஸ்பத்திரிச் சீட்டோடு. வலது காது போய்விட்டது. அதே புறங்கை. சான்று கேட்டாயே, இதோ சான்று, என்று அவள் சொல்லவில்லை. சீட்டை மேசை மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். விவாகரத்து வழக்கை நல்ல வக்கீலாகப் பார்த்து நான்தான் நடத்தினேன், எல்லாச் செலவும் நான்தான், அதைச் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் அவள் வலது பக்கம் எனக்கு வரும்படி உட்காருகிறாள். நான் உப்பு கேட்டால் அவளுக்குக் கேட்பதில்லை. ஒரு நாள் நாற்காலியை மாற்றிப் போட்டுப் பார்த்தேன், அவளும் மாறி உட்கார்ந்தாள். என்மேல் கோபம் என்று சொன்னால் சரியல்ல, கோபமிருந்தால் ஒரு சத்தம், ஒரு தட்டு விழுந்திருக்கும். ஆக அவள் போட்டாளா இல்லையா என்பது சந்தேகத்துக்கு இடமுள்ளது. வாக்குப்பதிவு அன்று இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள், சேர்ந்து வந்தார்கள், விரலில் மை. "போட்டாச்சு," என்றாள் மரகதம். "போட்டாச்சுப்பா," என்றாள் வாசுகி. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஆறா ஆறரையா என்று கேட்டவன், எந்தக் கை என்று கேட்டவன், யாருக்கு என்று கேட்கவில்லை. பயம். இதற்கு வேறு சொல் கிடையாது, எனக்குப் பயமாக இருந்தது. வாசுகி போகட்டும். மரகதம் போட்டிருப்பாள், அதில் சந்தேகமே இல்லை, முப்பத்தெட்டு வருடம், பதினான்கு ஊர், ஊருக்கு ஊர் அடுப்பை மாற்றிக்கொண்டு என் பின்னால் வந்தவள், தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள், மூன்று நாள் எனக்காகத் தெருத்தெருவாகக் கை கூப்பினவள். ஒன்று நிச்சயம். இரண்டு இருந்தால் இரண்டு பேரும் திரும்பி வருவார்கள், ஒன்று இருந்தால் மரகதம் வருவாள்.

மேடம் வந்தாள். கண்ணாடியை மூக்கில் இறக்கி அட்டையைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள், "எட்டை மூணா எழுதியிருக்காங்க, அவ்ளோதான், ஓப்பன் பண்ணுங்க," என்றாள். அரை நிமிஷம். முத்திரையை வெட்டினார்கள். சளிக்காரன் பொத்தானை அழுத்தினான், பீப் என்றது, ஏஜென்டுகள் எல்லோரும் நோட்டைத் திறந்துகொண்டு வலையில் முகத்தை ஒட்டினார்கள், நானும் ஒட்டினேன், கம்பி கன்னத்தில் உறுத்திற்று. ஒன்று, இருநூற்று மூன்று. இரண்டு, நூற்றுத் தொண்ணூற்றாறு, குப்புராஜ் எழுதிக்கொண்டான். மூன்று, ஒன்பது. நான்கு, அறுபத்து நான்கு. இடையில் ஒரு விநாடி சும்மா மினுக்கிற்று. "வரிசை எண் அஞ்சு, தாண்டவராயன், சுயேச்சை, சீப்பு, ஒண்ணு." அவன் இந்த முறை என் மண்டையைப் பார்க்கவில்லை. அடுத்ததற்குப் போய்விட்டான். குப்புராஜ் நோட்டில் எழுதிய அந்த ஒன்றை நான் பார்த்தேன், ஒரு சின்னக் கோடு. "ஐயா," என்றான், அடுத்த எண்ணை எழுதக் குனிந்துகொண்டான்.

எழுந்து வெளியே வந்தேன். கைபேசியை வாசலில் போலீஸ் பந்தலில் வாங்கி வைத்திருந்தார்கள், டோக்கனைக் கொடுத்துத் திரும்ப வாங்குவதற்குள் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டேன். ஒன்று. வீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி போட்டாள், ஒருத்தி போடவில்லை. போட்டவள் மரகதம், இதற்குச் சாட்சியமே தேவையில்லை. போடாதவள் அவள். ஏழு வருடம் என் சோற்றைத் தின்றுகொண்டு, வலது காதைக் காட்டிக்கொண்டு, என் கண் முன்னால் விரல் மையோடு வந்து நின்று "போட்டாச்சுப்பா". அந்த அப்பா எதற்கு. புதன்கிழமை வரை பொறுக்க வேண்டியதில்லை, இன்றைக்கே போகட்டும், தனியாகப் போகட்டும், மரகதம் போக மாட்டாள், போகக் கூடாது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடுவாள், எனக்கு ஓட்டுப் போட்டவள் அவள். இதையெல்லாம் வாசுகியிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை கோத்தேன், இடது பக்கமாகப் போய் உட்கார்ந்து சொல்ல வேண்டும், ஒரு சொல் விடாமல் அவள் காதில் விழ வேண்டும். சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தக் கொதிப்பில் நடை வேகமாக இருந்தது, பாலிடெக்னிக் கேட்டுக்கு வெளியே, நிழலே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போன் போட்டேன். மரகதம்தான் எடுத்தாள். பின்னால் பீரோக் கதவு கிறீச்சிட்டது, துணி அடுக்குகிறார்கள்.

"முடிஞ்சுதாங்க?"

"முடிஞ்சுது."

"எவ்ளோ வந்துது?"

"ஆம்பளைங்க பூத்துல பதினொண்ணு."

"பரவால்லியே," என்றாள்.

"பொம்பளைங்க பூத்துல ஒண்ணு."

"ஒண்ணா?" என்றாள் மரகதம். நிஜமாகவே ஆச்சரியப்பட்டுவிட்டாள். "யாருங்க போட்டது?"

வெயில் மண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ பெரிய வக்கீல்கள் என் முன்னால் எத்தனையோ சாட்சிகளை நாள் முழுக்கப் புரட்டி எடுத்திருக்கிறார்கள், இப்படி ஒரு பதிலை ஒருத்தராலும் வரவழைக்க முடிந்ததில்லை, நான் ஒன்றுமே கேட்காமல் வந்துவிட்டது. ஊரில் எவளோ ஒருத்தி, முகம் தெரியாத ஒருத்தி, கை தவறி அழுத்தியிருப்பாள். அந்தப் பக்கம் பீரோக் கதவுச் சத்தமும் நின்றுவிட்டது. தான் கேட்டது மரகதத்தின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். பக்கத்திலிருந்த இரும்புத் தடுப்பைப் பிடித்துக்கொண்டேன், அது கொதித்தது, விடவில்லை.

"நீதான்னு நெனச்சேன்," என்றேன்.

பீரோக் கதவை மெதுவாகச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஆமாங்க," என்றாள். "நான்தான் போட்டேன். வெயில்ல நிக்காம வீட்டுக்கு வாங்க."